நாற்பது மணி நேர நல்ல மனசு

என் தாய்மாமா இருக்கும் முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். யார் வந்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார். "எங்க, விரலைக் காட்டுங்க" என்பார். டாக்டராக இருந்தாலும் காட்டியாக வேண்டும். ஒருமுறை விடுமுறையில் போன என்னையும் கதவிலேயே நிறுத்தி, "வெளிநாட்டுல தண்ணி வராதா தம்பி?" என்று திருப்பி அனுப்பினார். முப்பத்தெட்டு வயதில், குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஐம்பத்திரண்டு வயது அவருக்கு. இரண்டாம் மாடியில் பதினான்கு கட்டில்கள் அவர் பொறுப்பு. புரள முடியாதவர்களை இரண்டு மணிக்கொருதரம் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் அவர்தான். மாமாவுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. சர்க்கரை வேறு. அதனால் அவர் நகத்தை அக்கா வேறு யாரையும் தொட விடமாட்டார். வெட்டவும் மாட்டார், சின்ன அரத்தை வைத்து, குழந்தை தூங்கும்போது செய்வதுபோல மெல்லத் தேய்ப்பார்.

இந்த வேலையை எங்கே கற்றார் என்று ஒருநாள் தொலைபேசியில் கேட்டேன்.

"எங்க மாமியார்கிட்ட. பதினோரு வருஷம் படுக்கையில கிடந்தாங்க. உனக்கு இஷ்டமான்னு ஒருத்தரும் கேக்கல. மருமக, செய்யணும், அவ்வளவுதான்."

"நல்லா பாத்துக்கிட்டிருப்பீங்க."

"கிழிச்சேன்" என்றார். "என் ஆத்திரத்தை எல்லாம் அவங்க முதுகுல வச்சுதான் தேய்ச்சேன் தம்பி. தோல் செவந்துபோகும். அந்தம்மா வாயே திறக்கல. கட்டாயத்துக்குத் தேய்க்கிற கை எப்படி இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்."

போன வருடம் பள்ளிக்கூடங்களுக்குப் புதிய விதி ஒன்று வந்தது. கடைசி வகுப்புப் பிள்ளைகள் நாற்பது மணி நேரம் சமூக சேவை செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. இந்த ஏற்பாட்டுக்குத் 'தன்னார்வத் திட்டம்' என்று பெயர் வைத்த புண்ணியவானைப் பார்த்தால் ஒரு கும்பிடு போட வேண்டும். சனிக்கிழமை தோறும் வேன் வந்து நின்றது. ஆளுக்கொரு படிவம். செய்த வேலைக்கு எதிரே ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு புகைப்படம். கீழே மேற்பார்வையாளர் குறிப்பு, கையெழுத்து. மேற்பார்வையாளர், வேறு யார், அக்காதான். முதல் சில வாரங்கள் எல்லாருக்கும் 'நன்று' என்றே எழுதினார்.

ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். மற்ற கிழவர்கள் கையை உதறுவார்கள், திட்டுவார்கள். மாமா மட்டும் அசையமாட்டார். படம் எடுக்க அதைவிட வசதி ஏது? அக்கா திரைக்குப் பின்னால் வேறொருவரின் முதுகுப்புண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில், மாமாவின் கட்டிலைச் சுற்றி வரிசை நின்றுவிட்டது. 'நகம் வெட்டினேன்' என்ற கட்டத்துக்காக ஒருவர் மாற்றி ஒருவர் வெட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது ஆளுக்கு வெட்ட நகமே இல்லை. ஆனாலும் கட்டம் இருக்கிறதே. வலது கட்டைவிரலில் சதையோடு சேர்த்து வெட்டியாயிற்று. அந்தக் கையில் உணர்ச்சி கிடையாது. மாமா தன் விரலிலிருந்து ரத்தம் வருவதை, பக்கத்து வீட்டில் குழாய் ஒழுகுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"சாரி ஆன்ட்டி" என்றாளாம் ஐந்தாவதாக வெட்டிய பெண். "ரத்தம் வர்றதுக்கு முன்னாடியே ஃபோட்டோ எடுத்தாச்சு."

அக்கா அவளைத் திட்டவில்லை. ஐந்து படிவங்களையும் வாங்கி, நான்கில், 'ஏற்கெனவே தேய்த்த நகத்தை வெட்டினார்' என்றும், ஐந்தாவதில், 'விரலை வெட்டினார்' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமையே அந்தப் பெண்ணின் தகப்பனார் வந்து நின்றார்.

"ஏம்மா, சும்மா உதவி பண்ண வந்த பிள்ளைக்கு இப்படியா எழுதுவீங்க?"

"சும்மா வந்தாளா? வரலைன்னா சான்றிதழ் இல்லைன்னுதானே வந்தா?"

"கட்டாயப்படுத்தலைன்னா எவன்மா இங்க வர்றான்? இங்க கிடக்கிறவங்களோட சொந்தப் பிள்ளைங்களே வர்றதில்ல!"

இந்த வரியை மட்டும் அக்கா என்னிடம் சொல்லும்போது வேகமாகச் சொல்லிக் கடந்தார்.

இல்லத்தின் மேலாளர் புதுப் படிவங்களை நீட்டினார். "நன்றுன்னு எழுது. முடியலைன்னா கீழ சலவை அறைக்குப் போ. உன் இஷ்டம்."

"அது என்ன சார் இஷ்டம்?" என்று கேட்டுவிட்டு அக்கா படிவங்களைத் தொடாமல் வந்துவிட்டார். ஒரு வாரம் தவணை.

இதற்கிடையில் மாமாவின் விரல் வீங்கிச் சீழ் கட்டியது. நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ ஒரு லெட்டர் போடு. நடந்ததை எழுது. உறவுக்காரங்க எழுதினா என்னை அங்கேயிருந்து அசைக்க மாட்டாங்க. எனக்காக இல்ல, அவருக்கு என் கை பழகிப்போச்சு."

எழுதத்தான் உட்கார்ந்தேன். முந்திக்கொண்டு மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'பணியாளரை மாற்றுவதில் உறவினருக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை' என்று தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. கூடவே, இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பதாக ஒரு வரி. மாமாவைத் திருப்பி அனுப்பினால் எங்கே வைப்பேன், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் விடுப்புக் கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் அறைக்குள் நடந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை.

அக்கா சலவை அறைக்குப் போனார். படிவங்களில் அலுவலகமே 'நன்று' என்று எழுதிக்கொண்டது. பள்ளிக்கூடம் தன் பங்குக்கு 'நகம் வெட்டினேன்' கட்டத்தை எடுத்துவிட்டு 'உடை மாற்றினேன்' என்று போட்டது.

மூன்று வாரம் கழித்துத் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் இயந்திரம் கடகடவென்று ஓடியது. கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"மாமா எப்படி இருக்காருக்கா?"

"நான் எங்க பாக்கிறேன்? மேல ஏற விடமாட்டாங்க. அவர் சட்டைதான் கீழ வருது. முந்தாநாள் சனிக்கிழமை. ஒரே நாள்ல ஒன்பது சட்டை வந்துது தம்பி. ஒண்ணுலயும் அழுக்கில்ல."

ஒன்பது கட்டங்கள், ஒன்பது புகைப்படங்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

"விரல்தான் மரத்துப்போச்சு, அந்த வலது தோளைத் தூக்கினா கண்ணுல தண்ணி வரும் அவருக்கு" என்றார். "வை, ஈரத்துணி கிடக்கு."