குழந்தை இயேசுவுக்கு வைத்த பொட்டு

குழந்தை இயேசு கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு பார்த்திருக்கிறீர்களா? நான் நேற்று மல்லாங்கிணறு டீக்கடையில் பார்த்தேன். பழைய காலண்டர், தேதித் தாளெல்லாம் போய் படம் மட்டும் ஆணியில் தொங்கியது. குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. ஏனென்றால் அந்தப் பொட்டை வைத்த மகான் நான்தான்!

காலேஜ் முடித்ததும் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் டிசைனர் வேலை. டிசைனர் என்றால் பெரிதாக எதுவுமில்லை, மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கும் பாப்பாவுக்குப் பல்லை வெள்ளையாக்குவது. அங்கே எந்நேரமும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம். இன்றைக்கும் பெட்ரோல் பங்க்கில் நின்றால் மாரியக்கா ஞாபகம்தான் வரும். பக்கத்து நாற்காலி. பிள்ளை பெற்று ஆறே மாதத்தில் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

ஒரு சர்ச்சின் காலண்டர் ஆர்டர் வந்தது. யாரோ இத்தாலிக்காரர் ஐந்நூறு வருஷத்துக்கு முன் வரைந்த மாதாவும் குழந்தையும். கொழுகொழு கன்னம், தொடையில் மடிப்பு. திரையைப் பார்த்த மாரியக்கா பதறிவிட்டார்.

“ஏலே, இம்புட்டு அளகாப் பெத்துட்டு ஒரு பொட்டு வைக்கலியே அந்தம்மா! ஊர்க்கண்ணு சும்மா விடுமா?”

“யக்கா, அது சாமிக்கா.”

“சாமின்னா? பிள்ளைதானல!”

விளையாட்டுக்குத்தான் செய்தேன். அக்கா போனில் இருந்த அவர் மகன் போட்டோவிலிருந்து மைப்பொட்டை மட்டும் வெட்டி, குழந்தை இயேசு கன்னத்தில் ஒட்டினேன். என்ன பொருத்தம்! சிரித்த சிரிப்பில் அதை எடுக்க மறந்து ஃபைலை அனுப்பிவிட்டேன். மொத்த லோடும் அச்சாகிவிட்டது.

முதலாளி அண்ணாச்சி கொதித்தார். “ஃபாதர் வாராக. அவுக மூஞ்சி சுளிச்சா, நீ அங்கனயே பஸ் ஏறிரு.” டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துத் தயாராக நின்றேன்.

ஃபாதர் காலண்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

“யாரு வச்சது?”

கை தூக்கினேன். மாரியக்காவும் தூக்கினார்.

“ஐந்நூறு வருசமா ஒரு பயலுக்கும் தோணலையேப்பா!” என்று வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, லோடை ஏற்றச் சொன்னார். பிழைத்தேன். அடுத்த வருஷம் அந்த ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போனது தனிக்கதை.

எங்கள் அச்சகம் இருந்த இடத்தில் இப்போது பைக் ஷோரூம். பொட்டுக்குச் சொந்தக்காரன் நாலாம் வகுப்பு படிக்கிறான். மாரியக்கா மையை எடுத்தாலே தெருவுக்கு ஓடிவிடுகிறான்.