கதவில் ஒரு பெருக்கல் குறி

போன வாரம் ஒரு சாயங்காலம் வீடு திரும்பினால், என் கதவில் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

வேறு யாராவது என்றால், பிள்ளைகள் கிறுக்கியது என்று துடைத்திருப்பார்கள். எனக்கு அர்த்தம் தெரியும். அன்று பகலில் நானே மூன்று கதவுகளில் அதைப் போட்டுவிட்டு வந்திருந்தேன்! 'ஆள் குடியில்லாத வீடு' என்று அர்த்தம்.

திருமங்கலம் ரோட்டில் இருக்கும் எங்கள் காலனியில் ஒரு சர்வே நடக்கிறது. எந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் — குழாயா, விளக்கா, சாக்கடையா — என்று வீடு வீடாகக் கேட்டு, அதன்படி செய்யப் போகிறார்களாம். கேட்டுச் செய்வது நல்ல விஷயம்தானே? ரிட்டயர் ஆனவர்கள் உதவலாம் என்றார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

பொதுச் சேவை என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி போன பிறகுதான் இந்தக் காலனிக்கு வந்தேன். மூன்று வருடம். மகன் பம்பாயில். காலையில் பஸ் பிடித்து மதுரை, லைப்ரரி, ஓட்டல் சாப்பாடு... பொழுது சாய்ந்து திரும்பினால் வீட்டில் கடிகாரம் மட்டும் பேசும். சர்வே என்றால் யார் கதவையும் தட்டலாம். ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். உட்காரச் சொல்வார்கள். மோர் கிடைக்கும்.

படிவத்தில் பத்துக் கேள்வி. நான் இருபது கேட்டேன். நாலாவது தெருவில் யார் வீட்டு மருமகள் மாசமாக இருக்கிறாள், யாருக்குச் சர்க்கரை — எல்லாம் எனக்கு அத்துப்படி.

ஆனால் சொந்தத் தெருவை அவரவர் எடுக்கக்கூடாது என்று விதி. எங்கள் தெருவுக்கு வந்தவர் ஒரு வாத்தியார். இரண்டு தடவை வந்திருக்கிறார். இரண்டு தடவையும் பூட்டு. (நான்தான் அடுத்தவர் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தேனே!) விதிப்படி எதிர்வீட்டில் விசாரித்திருக்கிறார். காலி வீடு என்று பதில். போட்டார் பெருக்கல்.

சிரித்துக்கொண்டே துடைத்தேன். மறுநாள் சர்வே ஆபீஸில் பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஆள் இருக்கிற வீடு இருபது இருந்தால்தான் தெருவுக்குக் குழாய். எங்கள் தெருவில் பத்தொன்பது.

"என் வீட்டையும் சேர்த்துக்கங்க சார்" என்றேன்.

கிளார்க் நல்ல மனுஷர். "உங்கள எனக்குத் தெரியாதாண்ணே? ஆனா நீங்களே வந்து நான் இருக்கேன்னு சொன்னா எழுத முடியாது. எதிர்வீட்டுல காலின்னு சொல்லியிருக்காக. அவுககிட்டயே கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள."

எதிர்வீடு இருபதடி தூரம். அதைக் கடக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஊரார் கதவையெல்லாம் கூசாமல் தட்டியவனுக்கு, தன் காரியம் என்றதும் கால் வரவில்லை. வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களோடு இவ்வளவு பேசுகிறவன்தான்... வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை போனேன். எதிர்வீட்டு அம்மா அப்போதுதான் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். இரண்டு தெரு தள்ளி அடிபம்பு. குடத்தை இறக்கிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு வேணும்?"

"நான் எதிர்வீடும்மா."

"எந்த எதிர்வீடு?"

கையைக் காட்டினேன்.

"அதுல ஆளு இருக்காகளா! பூட்டியேல்ல கெடக்கும். ஒரு சத்தம் கெடையாது, ஒரு கொழம்பு வாசம் கெடையாது. எம்புட்டு நாளா இருக்கீக?"

"மூணு வருஷமா."

நான் குழாய் விஷயத்தைச் சொன்னேன்.

"அடப் பாவமே! எங்க கொழாய நானே கெடுத்துப்புட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "குடுங்கண்ணே, போடுறேன்." பேனாவை வாங்கியவர், எழுதப் போய் நிறுத்தினார். "உங்க பேரு என்ன?"

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் பெயர் பேச்சியம்மாள் என்பது, அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் எனக்கும் தெரியும்.

வருத்தம் எல்லாம் என் மேல்தான். இந்தச் சர்வே கண்டுபிடித்ததில் என்ன தப்பு? ஒரு மனுஷன் மூன்று வருடம் இருந்தும், இருந்த அடையாளம் தெருவில் யாருக்கும் இல்லை. வாத்தியார் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காகிதத்தைக் கொடுத்தேன். எங்கள் தெரு பட்டியலில் ஏறிவிட்டது. குழாய் வர மாதக்கணக்கில் ஆகலாம். சீக்கிரம் வரட்டும், பேச்சியம்மாளின் முழங்காலுக்காக.

இன்று காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் பேச்சியம்மாள். கையில் படிவம் இல்லை, மூடி போட்ட கிண்ணம். புளிக்குழம்பு வாசம்.

"இருக்கீகளாண்ணே?"

இருக்கேம்மா.