கழலும் நட்டுகளும் தையல் மெசின் எண்ணெயும்

கல்யாணமாகி நாலாம் நாள் வயலுக்குப் போன என் கணவர், மோட்டார் சைக்கிளின் முன் மட்காட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். புது மாப்பிள்ளை வாசலில் அப்படி வந்து நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? என் இரண்டு தங்கச்சிமாரும் குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உம்மா ஒன்றும் காணாதவர் போலத் தேத்தண்ணி ஊற்றினார். எனக்குத்தான் கோபம் வந்தது. நாலு நாளில் என் மானத்தை வாங்கிவிட்டாரே என்று.

மாவடிப்பள்ளிக்கு அப்பால் அவருடைய வாப்பா வழி வந்த காணி இருந்தது. வயல்வெளியை எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். எங்கள் ஊர் சாய்ந்தமருதிலிருந்து வட்டைக்குப் போக, தார் ரோட்டை விட்டு இறங்கினால் கிரவல் ரோடு, கிரவலை விட்டு இறங்கினால் வாய்க்கால் கட்டு. அந்தப் பாதைக்கென்றே காட்டிலும் மேட்டிலும் ஓடக்கூடிய ஓர் உயரமான மோட்டார் சைக்கிளை அவர் இரண்டாம் கையாக வாங்கி வைத்திருந்தார். கிடங்கு, சேறு, கல் எதற்கும் அது அஞ்சாது. ஆனால் போய்வரும் வழியெல்லாம் நடுங்கி நடுங்கித் தன் நட்டுகளைத் தானே கழற்றிப் போட்டுவிடும்.

"ராத்தா, இந்த முற வட்டையில இரும்பு நல்லா விளையும் போல," என்றாள் சின்னத் தங்கச்சி. அவர் காதில் விழும்படியாகத்தான் சொன்னாள்.

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வந்த புதிதில் அவர் வீட்டுக்காரருமில்லை, விருந்தாளியுமில்லை. வாப்பாவுக்கு முன்னால் அவரோடு கதைக்க எனக்கு வெட்கம். உம்மாவுக்கு முன்னால் என்னோடு கதைக்க அவருக்கு வெட்கம். எங்கள் அறைச் சுவரோ கூரையைத் தொடாத சுவர், உள்ளே இருமினால் குசினியில் சுக்குக் கோப்பி ஊற்றி வைத்துவிடுவார்கள். மூன்று மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததை எழுதினால் ஒரு கொப்பித் தாளிலேயே இடம் மிஞ்சிப் போயிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, அவர் வீட்டு வளவில் ஒரு சாக்கை விரித்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். என்ஜினைத் தாங்கும் நீளமான போல்ட் ஒன்று இருந்தது. தலை வலப்பக்கம், நட்டு இடப்பக்கம், அதுவும் ஒரு குழாய்க்குப் பின்னால். இந்தப் பக்கம் திருகினால் அந்தப் பக்கமும் சேர்ந்து சுழலும். அவர் கை பெரிய கை, இடுக்கில் நுழையவில்லை. அரைமணி நேரமாக வலமும் இடமுமாக ஓடிக்கொண்டிருந்த மனிதரை ஜன்னலால் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனேன்.

"அங்கால இருந்து ஆராவது புடிச்சாத்தான் சரி வரும்," என்றார், என்னைப் பார்க்காமல்.

"அத வாயத் திறந்து சொல்லுற தானே? ஊமைக்கா என்னக் கட்டித் தந்தாங்க?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு சிரித்தார். அவருக்கு மேல்பல் ஒன்று லேசாகச் சாய்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கை சின்னக் கை, குழாய்க்குப் பின்னால் லேசாகப் போனது. நட்டை நான் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள, அவர் மறுபக்கம் இறுக்கினார்.

அதை முடித்துவிட்டு மற்ற நட்டுகளைப் பார்த்தபோது எல்லாம் காய்ந்து, மண் பிடித்துக் கிடந்தன. எனக்குத் தையல் மெசின் இருந்தது. இரும்பென்றால் எண்ணெய் போட வேண்டும், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஓடிப்போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்தேன். "மரையில ரெண்டு சொட்டு விட்டா லேசா இறுகும்," என்றேன்.

அவர் போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓம், விடு," என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்களுக்கு அந்த வேலைதான். எங்கள் வளவு கடற்கரை மணல், அதில் நட்டு விழுந்தால் விழுந்ததுதான். அதனால் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி வைத்திருந்தோம். அதை மணலில் இழுத்துக்கொண்டு நடந்தால் விழுந்தது ஒட்டிக்கொண்டு வரும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு பல மாதங்கள், எங்கள் நட்டுக்கு முன்னால் யார் வீட்டுக் கதவுப் பிணைச்சலோ, யார் தொட்டில் கொளுக்கியோ வந்து ஒட்டின. அவற்றை எறிய மனம் வராமல் ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்தோம்.

என்ஜினுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். முகத்துக்கு முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். அதனாலோ என்னவோ, அறைக்குள் வராத கதையெல்லாம் அங்கே வந்தது. ஏழு வயதில் தன் உம்மாவை அடக்கிய அன்று பசித்ததே என்று வெட்கப்பட்டதை அவர் அங்கேதான் சொன்னார். அவரைக் கட்ட எனக்கு முதலில் விருப்பமே இருக்கவில்லை என்று நானும் அங்கேதான் சொன்னேன். "தெரியும், நட்டக் கெட்டியாப் புடி," என்றார். மகளுக்குப் பெயர் தேர்ந்ததும் அங்கேதான். இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்காமல் போன மாதம், ஏற்கெனவே இறுகியிருந்த நட்டுகளையே திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டு நெடுநேரம் இருந்தோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நட்டுகள் மட்டும் எங்கள் பாட்டுக்கு இசையவே இல்லை. ஒவ்வொரு கிழமையும் கழன்றன. நானும் விடவில்லை, இரண்டு சொட்டை நாலு சொட்டாக்கினேன். என் எண்ணெய் இல்லாவிட்டால் அந்த மோட்டார் சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் முடித்தோம். வழமைப்படி வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் பின்புறம் கட்டிய இரண்டறை வீட்டுக்கு நாங்கள் மாறினோம். இப்போது கூரையைத் தொடும் சுவர், கேட்க யாருமில்லை. கதைக்கத்தான் ஒன்றுமில்லை. அவர் ஒரு மூலையில் போனைப் பார்ப்பார், நான் மறுமூலையில் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் சாக்கு விரியும், எங்கள் வாயும் திறக்கும்.

இந்த வருட அறுவடைக்கு முன் ஒரு நாள் காலை, வாய்க்கால் கட்டில் அந்த என்ஜின் போல்ட் கழன்று விழுந்துவிட்டது. என்ஜின் சரிந்து, சங்கிலி கழன்று, பின் சில்லு இறுகி, அவரும் மோட்டார் சைக்கிளும் வாய்க்காலுக்குள். அல்ஹம்துலில்லாஹ், முழங்கால் வீங்கியதோடு போயிற்று. உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக் கல்முனையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

கராஜ்காரர் மற்ற போல்டுகளைக் கழற்றி, மரையை விரலால் தடவி, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஆரு இதுக்கு எண்ணெய் போட்ட?"

"நான்தான். இருவத்தஞ்சு வருசமாப் போடுறன்," என்றேன் பெருமையாக.

"அதான் ராத்தா கழருது. மரை காய்ஞ்சு இரிக்கணும். எண்ணெய் பட்டா, ஆடுற ஆட்டத்துக்கு நட்டு தானாச் சுத்திக்கு வரும்."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் கால்விரல்களை எண்ணுவது போலக் குனிந்து நின்றார். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

திரும்பும்போது ஓட்டோவில் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் வருசமே தெரியும்."

"அல்லாஹ்வே! முதல் வருசமேயா? வாய்க்காலுக்குள்ள கழுத்து முறிஞ்சிரிந்தா ஆரு பதில் சொல்லுற? ஊரெல்லாம் நான் பீத்தித் திரிஞ்சேனே, சிரிச்சிக்கு இரிந்தீங்களா?"

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கவும் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. சோற்றை மட்டும் மேசையில் வைத்தேன், பீங்கான் சத்தம் கேட்கும்படியாக. மூன்றாம் நாள், சோற்றில் கை வைத்தபடி அவர் சொன்னார்:

"எண்ணெய் வேணாம் எண்டு சொல்லியிரிந்தா நட்டு நிண்டிரிக்கும். நீ வந்திரிப்பியா?"

குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுக் குசினிக்குப் போய் நின்று அழுதேன். கோபமா, வேறு ஏதாவதா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

கராஜ்காரர் எல்லா மரையையும் பெற்றோலில் கழுவி, ஏதோ ஒரு பசை தடவி இறுக்கிக் கொடுத்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை என் கணவர் பழக்கத்தில் சாக்கை விரித்தார். ஒவ்வொரு நட்டாக ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. சாக்கை மடித்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தார். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. இத்தனை வருடம் எங்களை ஓட்டிக் கொண்டுவந்தது எது என்று எனக்கு அப்போது விளங்கியது. பயமாகவும் இருந்தது.

மூன்றாம் வெள்ளி, அவர் ஜும்ஆவுக்குப் போன நேரம், நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வளவுக்கு இறங்கினேன். என்ஜின் பக்கம் போகவில்லை, அந்த வாய்க்காலுக்குப் பிறகு அதைத் தொட எனக்குத் துணிவில்லை. கழன்றாலும் ஆளை விழுத்தாத பின் மட்காட் போல்டைத் தேர்ந்தேன். பசை லேசில் விடவில்லை. ஸ்பேனர் இரண்டு தரம் சறுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து, உடம்புப் பாரத்தை எல்லாம் போட்டுத்தான் அரைச் சுற்று வந்தது.

அஸர் தொழுதுவிட்டு வந்தவரிடம், "பின்னால என்னமோ ஆடுது போல கிடக்கு," என்றேன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அவர் குந்தியிருந்து மட்காட்டை ஆட்டிப் பார்த்தார். போல்டின் தலையில் புதிதாக விழுந்திருந்த கீறல்களை விரலால் தடவினார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, சிவந்து கிடந்த உள்ளங்கையைப் பார்த்தார். எழுந்துபோய்ச் சாக்கை எடுத்துவந்து விரித்தார்.

"ஓம், ஆடுதுதான். அந்த எண்ணெய எடுத்துக்கு வாகா," என்றார்.