செல்வி குடிக்காத தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். செல்வியைப் பார்க்கப் போனேன்.

செல்வி திருவிடந்தைக் குப்பத்துக்காரி. ஆறு வருஷமாகக் கேளம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். காலையில் ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்கினால், விற்று முடித்துத் திரும்ப மூன்று மணியாகிவிடும்.

வாசலில் கூடையை இறக்கியதுமே ஒரு சொம்பு ஃபில்டர் தண்ணீர் நீட்டுவேன். வாய் கொப்பளிப்பாள். மிச்சத்தை மீன்மேல் தெளித்துவிடுவாள். ஒரு மடக்கு குடிக்க மாட்டாள். மோர் கொடுத்தால்? "வேணாக்கா." இளநீர்? அதுவும் வேண்டாம். எனக்கு ஒரே எரிச்சல். திமிர் பிடித்தவள் என்று நானே மனசுக்குள் பட்டம் கொடுத்துவிட்டேன்.

இப்போது கட்டிலில் கிடக்கிறாள். நீர்க்கடுப்பு வந்து வந்து, கவனிக்காமல் விட்டு, இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டதாம். தண்ணீரே குடிக்க மாட்டாயா என்று டாக்டர் திட்டினாராம். நானும் அதே பாட்டைப் பாடினேன்.

"எத்தனை தடவை கொடுத்தேன்... ஒரு வாய் குடிச்சியா நீ?"

"நீ குடுத்தக்கா, இல்லங்கல. குடிச்சா போவணுமே, எங்க போறது? கருக்கல்ல சவுக்குத் தோப்புக்குப் போய்ட்டு வந்தா, மறுபடி இருட்டினாதான். உங்க கேட்டாண்ட கீற கக்கூஸ வாட்ச்மேன் பூட்டிக்கினு கீறான். முன்ன பக்கத்துல காலி மனை இருந்திச்சு, முள்ளு மறைவு. இப்ப அங்கயும் ஃபிளாட்டு."

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே செல்வி?"

"கேட்டா உள்ள உட்ருப்பியாக்கா?"

மீன் வாடை என்று ஆறு வருஷத்தில் ஒருநாளும் அவளை வாசற்படி தாண்ட விட்டதில்லை நான்.

கோடை வந்தால் ஊரெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். தண்ணீர் கொடுத்தால் புண்ணியமாம். குடித்தவள் எங்கே ஒதுங்குவாள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? அதில் புண்ணியம் கிடையாது போலிருக்கிறது... வெட்கமாக இருக்கிறது. அழுகையாகவும் வருகிறது.

எங்கள் ஃபிளாட்டில் நாங்கள் இரண்டே பேர். டாய்லெட் மூன்று.