சேணக்காரர் சிரிலின் நாற்பத்திரண்டு வயது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் ஜோகுபாளையத்துச் சேணக்காரர் சிரிலுக்கு வயது ஐம்பத்தெட்டு. மீசைக்கும் பெண் வீட்டில் சொன்ன கணக்குக்கும் மட்டும் நாற்பத்திரண்டு. பட்டாளத்துக் குதிரைகளுக்குக் கடிவாளம் தைத்தே காய்த்துப்போன கையை முப்பத்தொரு வயது ஜோசஃபினிடம் கல்யாணம் கேட்டு நீட்டினார். மனைவியைப் பறிகொடுத்த நெஞ்சம்! பதினோரு மாதம் அழுதது. பன்னிரண்டாம் மாதம் மீசைக்குச் சாயம் வாங்கியது.

மாதா கோவிலில் இரண்டு ஞாயிறு, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஜோடியின் பேரைச் சொல்லிக் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதும் வாசித்தால் தாலிதான். அப்போது ஜோசஃபினின் அக்கா கேத்தரின், ஆஸ்பத்திரி நர்ஸ், சொல்லியனுப்பினாள்: "சனிக்கிழமை மாப்பிள்ளை நாடியைப் பார்க்கணும். மீசை பொய் சொல்லும், ரத்தக்குழாய் சொல்லாது."

சிரில் ஒரு கம்பவுண்டரை விசாரித்தார். வயதானால் குழாய் விறைத்துவிடும் என்றார் அவர். இவ்வளவுதானா! முப்பது வருஷமாக விறைத்த தோலை இளக்குபவருக்கு இது ஒரு வேலையா? வெந்நீர்த் துணி சுற்றி, விளக்கெண்ணெய் விட்டு, ஆறு நாள் தம் மணிக்கட்டைத் தேய்த்தார். ஐயோ, காதலே!

சனிக்கிழமை கேத்தரின் மூக்கைச் சுளித்தபடி அந்தக் கையைப் பிடித்தாள். மேலே ஒரு விரலால் அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்தினாள். கீழே இன்னொரு விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"ரத்தம் நின்ன பிறகு குழாய் விரலுக்கே தட்டுப்படக் கூடாது. இது கயிறாட்டம் உருளுதே, மாப்பிள்ளை?"

"உழைச்ச கைங்க அது."

"பிள்ளைங்க வளர வளர ரத்த அழுத்தம் ஏறும், குழாய்ச் சுவரும் கூடவே தடிக்கும். அதனால ஒவ்வொரு இழையும் தாங்குற இழுவை ஏறக்குறைய அப்படியே இருக்கும். வயசானா, நீண்டு சுருங்குற இழை நைஞ்சுபோகும். நீளாத முரட்டு இழை மேல இழுவை விழும். நாற்பத்திரண்டுல இவ்வளவு விறைப்பு நான் பார்த்ததில்லே."

"எண்ணெய் போட்டா இளகிடுமே!" தொழில் வாயை முந்திக்கொண்டது.

"குழாய்க்குள்ள போய்ப் போடுவீங்களா? நெசத்தைச் சொல்லுங்க."

"ஐம்பத்தெட்டு," என்றார் சிரில். கண்ணீர் மீசையில் இறங்கியது. மீசைச் சாயம் மோவாயில் இறங்கியது.

கதவோரம் ஜோசஃபின் நின்றிருந்தாள். "வயசை முதல்லயே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். ரெண்டு ஞாயிறு ஊர் முன்னால உங்க பொய்யோட என் பேரையும் சேர்த்து வாசிக்க வெச்சீங்களே!" முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே சாமியாரிடம் போனாள்.

மறுநாள் சிரில் மடிப்புக் கலையாத கோட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மனம் மாறியிருப்பாளாம்! சாமியார் வேறு மூன்று ஜோடிகளின் ஓலையை வாசித்தார், காகிதத்தை மடித்தார், பூசையைத் தொடர்ந்தார்.