பார்டரில் பாஸ்

சாத்தூரில் ஒரு மனநல கிளினிக்கில் கவுன்சிலராக இருந்தேன். நோயின் பெயரைக் கேட்டுவிட்டு எனக்குக் காராச்சேவு வாங்கி வந்தவர் என் சர்வீஸில் ஒரே ஒருவர்தான். லோடு வேன் ஓட்டும் மாரிமுத்து.

"எடுத்துக்கோங்க மேடம்! செல்வி பார்டர்ல பாஸாயிட்டா. இனிமே கவுன்சிலிங் வேணாம்ல?"

டாக்டர் 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்' என்று சொல்லியிருந்தார். மனிதர் காதில் முதல் வார்த்தை மட்டும் விழுந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் முப்பத்தைந்து மார்க்கில் தப்பித்தவர். பார்டர் என்றால் அவருக்குப் பாஸ்தான். பக்கத்தில் அவர் மனைவி செல்வி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம்தான் பெட்டி கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பியிருந்தாள். இப்போது கவுன்சிலிங்கை நிறுத்தினால் குடும்பம் உடைந்துவிடும்.

செல்விக்கு அச்சங்குளத்தில் பட்டாசு பேக்கிங் வேலை. உள்ளே போகும்போது கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் போன் கைக்கு வரும்போது புருஷன் மெசேஜ் இல்லையென்றால், "என்னைய விட்டுட்டுப் போயிட்டீகள்ல!" என்று பிடித்துக்கொள்வாள். அவர் பாவம், எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். காலையில் அவர் தெய்வம், மாலையில் துரோகி. இந்த நோயின் குணமே அதுதான். சீசன் வந்தால் இன்னும் மோசம். சாப்பாட்டுக்குப் பதில் டீ, தூக்கத்துக்குப் பதில் ரீல்ஸ்.

"இந்த நோய் டீயால வரல. ஆனா பசியும் தூக்கமும் கெட்டா கோபத்துக்குப் பிரேக் பிடிக்காது" என்று வேன்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

அவர் முகம் தொங்கிவிட்டது. "அப்போ பெயிலா மேடம்?"

செல்வி நிமிர்ந்தாள். "நா பெயில்தான். எங்கம்மாவும் அதத்தான் சொல்லுது. நீக வேற ஒருத்தியக் கட்டிக்கோங்க."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "ஏம்மா, இதுல பாஸும் கிடையாது, பெயிலும் கிடையாது. அட்டென்டன்ஸ் மட்டும்தான். வாராவாரம் வா. கேட்ல போனைத் தொடுறதுக்கு முன்னால ரெண்டு வடை தின்னு."

"வடைக்கு நா பொறுப்பு" என்றார் மாரிமுத்து.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுபடியும் பெட்டி கட்டினாள். ஒருமுறை எனக்கே திட்டு விழுந்தது. தீபாவளி சீசனில் வரவே மாட்டாள் என்றிருந்தேன்.

அந்தச் சீசனில் ஒருநாள் கிளினிக்கைப் பூட்டும் நேரம், வேலைச் சேலையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"இன்னைக்கும் மெசேஜ் வரல மேடம். அம்புட்டுக் கோவம். ஆனா வடை தின்னுட்டுத்தான் போனைத் தொட்டேன்." பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். "பிரசென்ட்!"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயின் பெயரைச் சொன்னதும், கேட்டவர் காதில் என்ன விழுந்தது என்று விசாரித்துவிடுங்கள்.

செல்வி 'பிரசென்ட்' சொன்னதற்கு மறுநாள் காராச்சேவு வாங்கியது நான்.