பிட்டர் சின்னசாமி செய்த கொக்கி

சின்னசாமி ரேணிகுண்டா ரயில் பட்டறையில் பிட்டர். எப்போது பார்த்தாலும் பாதித் தூக்கத்தில் இருப்பவர் போலத்தான் தெரிவார். நான் தபீதாள், திருப்பதியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை நர்ஸ். எனக்கும் அதே அலுப்புதான், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மொழி பார்த்து எந்த ஊர் எந்த ராஜ்யத்தில் சேரும் என்று சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம். நகரிப் பக்கத்திலிருந்து செங்கம்மாவைக் கொண்டுவந்தார்கள். மாட்டுவண்டி கவிழ்ந்து தொடையெலும்பு ஒடிந்திருந்தது. ஒடிந்ததைச் சேர்த்துப் பிடிக்க டாக்டர் எலும்புக்குள் நீளமான ஆணியை இறக்கினார். பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இழுக்கப் போட்ட கொக்கி பட்டென்று ஒடிந்தது. எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான். காயத்தைத் துணியால் மூடினோம்.

"நாளைக்கும் ஆணி வரலைன்னா காலைத் தொடையோட எடுத்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

ஒடிந்த கொக்கியோடு நானே பட்டறைக்கு ஓடினேன். சின்னசாமி இரண்டு ஷிப்ட் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். "இது இன்னா இரும்பு சிஸ்டர், வெல்லம் மாதிரி ஒடைஞ்சிருக்குது?" என்று முணுமுணுத்துவிட்டு, பழைய ஸ்பிரிங் பட்டை ஒன்றைத் தேடியெடுத்து உலையை மூட்டினார்.

மறுநாள் புதுக் கொக்கியைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். ஆணியைக் கச்சிதமாகப் பிடித்தது. கைப்பிடியை வெளிப்பக்கமாக அடித்து அடித்து டாக்டரின் கைதான் ஓய்ந்துவிட்டது, ஆணி அசையவில்லை. கொக்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னசாமிக்கு அங்கி மாட்டி, சுத்தியல் பிடித்துப் பழகிய கையாயிற்றே என்று உள்ளே கூட்டி வந்தேன். காலைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"இரும்புன்னா அடிப்பேன் சிஸ்டர். இது மனுசங்க காலு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க அடிக்கலைன்னா இந்தப் பொம்பளைக்குக் காலே இல்லை. அடிங்க!"

ஏழாவது அடியில் ஆணி வெளியே வந்தது. டாக்டர் மெல்லியதாக வேறோர் ஆணியை இறக்கினார். சின்னசாமி வெளியே போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தார். அதட்டியதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் என்னை எங்கே பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "அந்தம்மாவுக்கு வலிச்சிருக்குமா?" மயக்கத்தில் இருந்தாள் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். நம்பினால்தானே.

எட்டு மாதம் கழித்து செங்கம்மா காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நேரே பட்டறைக்கு அழைத்துப் போனேன். இன்னாரென்று சொன்னதும் சின்னசாமி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினார்.

"மன்னிச்சிடும்மா. ரொம்பப் பலமா அடிச்சிட்டேன்."

"இன்னாண்ணா பேசற? ஸ்டேசன்லேர்ந்து நடந்துக்கினுதான் வந்தேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "இன்னொரு வாட்டி நடம்மா" என்றார்.

அவள் கதவுவரை போய்த் திரும்பி வந்தாள். சின்னசாமி தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.